எல்வந்தாரியாவில் எத்தனை ஸ்டாப்?

கல்யாணமான மூன்றாவது மாதம், என் கணவர் என் நாட்டுக்குள் டிக்கெட் இல்லாமல் நுழைந்தார். நாடு என்றால் நிஜ நாடு இல்லை. டிரேசிங் ஷீட்டில் நானே வரைந்த நாடு. எல்வந்தாரியா என்று பெயர். பதினோரு மாத உழைப்பு. கடல், மலை, பாலைவனம், கோட்டை, அசுரராஜன் என்று அதில் எல்லாம் உண்டு. புருஷன் வருவதற்கு மட்டும் நான் வழி வைக்கவில்லை.

என் பெயர் கலையரசி. அரியலூரில், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்ன ஆபீசில் எனக்கு வேலை. கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும் என்று சொல்வார்கள். அது பொய். அதையும் தாண்டி ஒரு அங்குலம் வெளியேதான் இருக்கும். இருக்காதா பின்னே? அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள் என்று எல்லாப் படங்களிலும் தலைப்பை மாற்றி எழுதினேன். அடுத்த வருடமே அதெல்லாம் வேண்டாம் என்று பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். அத்தனையையும் பிளேடால் சுரண்டி மறுபடி எழுதினேன். நிஜ நாட்டுப் படத்தை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

திருச்சியில் பாலிடெக்னிக் படித்தபோது ஹாஸ்டலில் என் அறைத்தோழிக்கு அவள் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஒரு ஆட்டப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தான். அதன் ஜெராக்ஸ் என்னிடம் இருந்தது. ஒருத்தர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, "நான் இப்ப இதைச் செய்யறேன்" என்று சொல்ல வேண்டும். செய்ய முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். புத்தகம் இருபது பக்கம் உள்ள பகடை கேட்டது. அரியலூர்க் கடைவீதியில் அதைக் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அதனால் ஜெயசித்ரா அக்கா தன் மகனுடைய தம்போலா செட்டிலிருந்து ஒன்று முதல் இருபது வரை உள்ள வில்லைகளை எடுத்துவந்து ஒரு டிபன் பாக்ஸில் போட்டாள். குலுக்கிவிட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அதுதான் எங்கள் பகடை.

ஜெயசித்ரா எங்கள் ஆபீசின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஆட்டத்தில் அவள் மந்திரக்காரி. திருமுருகன் சர்வேயர், வாரமெல்லாம் சுரங்கத்தில் வெயிலில் நடப்பவன். ஆட்டத்தில் வாள்வீரன், ஆனால் குதிரை இல்லாமல் ஒரு அடி நகர மாட்டான். சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு எங்கள் முதலாளி சிங்காரவேலு கும்பகோணத்துக்குப் பஸ் ஏறுவார். அவர் தலை மறைந்ததும் பெரிய மேசையில் சுரங்கப் படங்களைச் சுருட்டிவிட்டு எல்வந்தாரியாவை விரிப்போம். வாள்வீரனுக்கும் மந்திரக்காரிக்கும் காய், சுரங்கத்தில் திருமுருகன் பொறுக்கிய கல்லாகிப்போன சிப்பிகள். ஐந்தரை மணி வரைக்கும் நான்தான் கடவுள்.

இதை நான் அறிவரசனிடம் சொல்லவில்லை. அறிவரசன்தான் என் கணவர், செந்துறை – அரியலூர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவர் என்னைப் பெண் பார்க்க வந்தது வெறும் சடங்கு. அதற்கு முன் இரண்டு வருடமாகத் தினமும் பார்த்த முகம்தான். வரைபடங்களைச் சுருட்டிப் போட்டு நான் தூக்கிக்கொண்டு ஏறும் குழாய் யார் விலாவிலாவது குத்தும், அவர் என்னைத் திட்டுவார், நான் வட்டியோடு திருப்பித் திட்டுவேன். இந்த நிலையில் கல்யாணப் பேச்சு வந்தபோது எங்கள் இரண்டு பேருக்குமே சிரிப்பு தாங்கவில்லை. நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: சனிக்கிழமை வீட்டுக்கு வர நேரமாகும், ஆபீசில் வேலை. என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பயம்தான் காரணம். இருபத்தைந்து வயதுப் பெண், இல்லாத நாட்டில் இல்லாத அசுரனோடு மல்லுக்கு நிற்கிறாள் என்று கேட்டால் எந்தப் புருஷனும் சிரிப்பான். யாராவது திட்டினால் நான் தாங்குவேன், சிரித்தால் தாங்க மாட்டேன். அவர் ஒரு தடவை சிரித்துவிட்டால் போதும், அதற்கப்புறம் அந்தப் படத்தை விரிக்க எனக்குக் கை வராது. வாரத்தில் அந்த நாலரை மணி நேரம்தான் நான் முழுசாக நானாக இருந்தேன். அதை இழக்க நான் தயாராக இல்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் பஸ் ரிப்பேராகி மதியத்து ட்ரிப் நின்றுபோனது. புதுப் பெண்டாட்டிக்குப் பூவும் பஜ்ஜியும் வாங்கிக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார். அவர் வாசலில் நின்ற நேரம், ஜெயசித்ரா இரண்டு கைகளையும் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு, "த்ராஸ்கோர்க் கோட்டைக் கதவுக்கு மந்திரம் போடறேன்!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

அவர் சிரிக்கவில்லை. பஜ்ஜியைக் கீழே வைத்தார். மேசைமேல் குனிந்து படத்தைப் பார்த்தார். "இது எந்தப் பக்கம் இருக்குது?" என்றார். திருமுருகன்தான் ஆட்டத்தை விளக்கினான். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். எனக்கு மெல்ல உயிர் வந்தது. அப்போதுதான் கேள்வி ஆரம்பித்தது.

"இங்கேருந்து இந்தக் கோட்டை எவ்ளோ தூரம்?"

"ஒம்பது நாள் நடை" என்றேன்.

"நடுவுல எத்தனை ஸ்டாப்பு?"

"ஸ்டாப்பெல்லாம் கிடையாதுங்க. காடு."

"ஒம்பது நாளும் காடா? ஒரு ஊரு இல்ல, ஒரு கெணறு இல்ல, ஒரு கைகாட்டி இல்ல. அப்ப இந்த ரோட்டை யாரு போட்டது? யாரு போறதுக்குப் போட்டது?"

திருமுருகன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்குவது தெரிந்தது.

"இந்த ஆறு எந்தப் பக்கமா போவுது?"

"மேக்குக் கடல்லேருந்து கெழக்குக் கடலுக்கு."

"நடுவுல மலை நிக்குதே?"

"ஆமா."

"ஏறிப் போவுதா?"

திருமுருகனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "அண்ணே, நானும் பத்து மாசமா இதைக் கேக்கணும்னு இருந்தேன். கலை அடிச்சுடும்னு பயந்துக்கிட்டுத்தான் கேக்கல."

எனக்குத் தெரியாதா, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று? சமஉயரக் கோடு வரைந்து வரைந்து என் கண்ணே போய்விட்டது. தெரிந்தேதான் வரைந்தேன். வாரத்தில் ஐந்தரை நாள் மேடு எது பள்ளம் எது என்று பார்த்துப் பார்த்துக் கோடு போடுகிறவளுக்கு, மிச்சமிருக்கும் அரை நாளாவது ஆறு மலையேறட்டும் என்று ஓர் ஆசை. ஆனால் இதையெல்லாம் அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? "அது மந்திர ஆறு" என்றேன்.

"மந்திரம்னா யாராச்சும் போட்டிருக்கணுமே. யாரு போட்டது?" என்றார் அவர். கிண்டலே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. படத்தைச் சுருட்டிக் குழாயில் போட்டு மூடினேன்.

சாயங்காலம் வேறொரு பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்குத் திரும்பினோம்.

"ஆபீஸ் வேலைன்னு எதுக்குச் சொன்ன?" என்றார்.

"சிரிப்பீங்கன்னு."

"நான் சிரிக்கலியே."

"கேள்வி கேட்டீங்க. அது அதைவிட மோசம்."

"தெரியாத ரூட்டுல ஏறினா கண்டக்டர் கேக்கத்தான் செய்வான்."

"இனிமே அந்த ரூட்டே கிடையாது. நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முந்திரிக்காடு முடிகிறவரை திரும்பவே இல்லை.

சொன்னபடியே செய்தேன். குழாய் பீரோ மேலே போனது. இரண்டு சனிக்கிழமைகள் ஒரு மணிக்கே பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்த் துணி துவைத்தேன். ஜெயசித்ரா தினமும் என் மேசைக்கு வந்து நின்றாள். "என் மந்திரக்காரி கதவுக்கு வெளியவே கையைத் தூக்கிட்டு நிக்கறாடி. அவளுக்குக் கை வலிக்காதா?" என்றாள். திருமுருகன் கேட்காமலேயே டீ வாங்கிவந்தான். நான் அசையவில்லை. அசையவில்லை என்றுதான் சொல்கிறேன், வலிக்கவில்லை என்று சொல்லவில்லை. சுரங்கப் படத்தில் குழி வரையும்போதெல்லாம் கை தானாக அதன் ஓரத்தில் ஒரு கோட்டைக் கதவை வரையப் போனது.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம், அறிவரசன் டூட்டி முடிந்து வந்தார். கையில் என் குழாய். பீரோ மேல் இருந்ததை எப்போது எடுத்தார் என்றே எனக்குத் தெரியாது. முகமெல்லாம் பல்.

"முடிச்சுட்டேன்" என்றார்.

"என்னத்தை?"

"பத்து நாளா செந்துறை ஸ்டாண்டுல வண்டி நிக்கற இருவது நிமிசமும் இதான் வேலை. நானும் டிரைவர் ராசாங்கண்ணனும் எஞ்சின் பேனட் மேல விரிச்சு வெச்சு எழுதினோம். பாரு."

விரித்தேன். என் நாடு முழுக்க, ஒவ்வொரு சாலையிலும், விரற்கடைக்கு ஒன்றாக, டிக்கெட் எழுதும் நீலப் பால்பாயிண்டில் ஊர்ப் பெயர்கள். கண்டக்டர் கையெழுத்து, ஓடுகிற பஸ்ஸில் எழுதிப் பழகிய கோணல் எழுத்து. அறுபதுக்கும் மேலே இருக்கும். நகல் எடுத்து அதில் எழுதியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அசல் ஷீட்டிலேயே எழுதியிருந்தார். டிராயிங் இங்க் என்றால் சுரண்டிவிடலாம். பால்பாயிண்ட் அழுத்தினால் ஷீட்டில் பள்ளம் விழும். அது போகவே போகாது.

"உங்க டிக்கெட் கட்டுல நான் கோலம் போட்டா சும்மா இருப்பீங்களா?" என்று கத்தினேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "நல்லதுன்னு நெனச்சேன்."

"யாரைக் கேட்டு நெனச்சீங்க?"

அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, ஆபீசில் படத்தை விரித்து, பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போகிறவரைக்கும் போகட்டும் என்று சுரண்டப் போகிறேன். மேற்குக் கடற்கரையில் ஆரம்பித்தேன். சுரண்டுவதற்கு முன் படித்துத்தானே ஆக வேண்டும்?

'ஒத்தப்பனை' என்று இருந்தது. சுரண்டினேன். அடுத்தது 'பழைய கெணறு'. அதற்கு அரை நாள் நடையில் 'புதுக் கெணறு'. பிளேடு அங்கே நின்றது. புதுக் கிணறு ஏன் தோண்டினார்கள்? பழையது வற்றியிருக்கிறது. அப்படியென்றால் என் நாட்டில் யாரோ தண்ணீருக்குத் தவித்திருக்கிறார்கள், குடத்தைத் தூக்கிக்கொண்டு அரை நாள் நடந்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாமலேயே. பதினோரு மாதமாகக் கடவுளாக இருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு சுரண்டவில்லை. படித்துக்கொண்டே போனேன். 'கைகாட்டி'. 'மோர்க்காரி வூடு'. 'மழைக்கு நின்ன எடம்'. 'மூணு கல்லு'. மூன்று கல் என்றால் அடுப்புதான், வேறென்ன? வழிப்போக்கர்கள் இறங்கிச் சோறு பொங்குகிற இடம். 'ஆத்துக்கு இந்தாண்ட'. 'ஆத்துக்கு அந்தாண்ட'. இரண்டு ஊருக்கும் ஆகாது என்று பார்த்தவுடனே தெரிந்தது. 'வண்டி சாஞ்ச மேடு'. 'எருமைப் பள்ளம்'. 'வீரம்மா தோட்டம்'.

மலையேறிய என் ஆற்றை அவர் அழிக்கவில்லை. மலை முகட்டில் மட்டும் ஆற்றை ஒரு விரல் அகலத்துக்கு நீலக் கோடுகளால் வெட்டி, நடுவில் 'தண்ணி இல்லாத மேடு' என்று எழுதியிருந்தார். அதற்கு மேற்கே ஓர் அம்புக்குறி மேற்குப் பார்த்து, கிழக்கே ஓர் அம்புக்குறி கிழக்குப் பார்த்து. போகிற ட்ரிப், வருகிற ட்ரிப் மாதிரி. ஒரே ஆறு இரண்டு ஆறாகி, இரண்டும் ஒழுங்காகக் கடலுக்கு இறங்கின.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பென்சிலை எடுத்தேன். அவர் மேடு என்று எழுதிய இடங்களை ஒன்றோடொன்று சேர்த்தேன், பள்ளங்களைச் சேர்த்தேன், இடையில் சமஉயரக் கோடுகளைப் போட்டேன். முக்கால் மணி நேரம் ஆனது. மேடு பள்ளம் எங்காவது தப்பாக இருந்தால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். ஒரு கோடுகூட இன்னொரு கோட்டை வெட்டவில்லை. எல்லாம் சுற்றி வந்து அழகாக மூடிக்கொண்டன. படித்து டிப்ளமா வாங்கிய நான் வேண்டுமென்றே கெடுத்து வைத்த நாட்டை, சர்வே சங்கிலி பிடித்து ஒரு நாளும் நிலம் அளக்காத மனிதர் சரி செய்திருந்தார்.

பர்மிஷன்கூடச் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பதினொன்றரை வண்டி நின்றுகொண்டிருந்தது. அவர் படியில் நின்று, "செந்துறை செந்துறை" என்று கூவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார்.

"வீரம்மா யாரு?" என்றேன். மூச்சு வாங்கியது.

"தெரியாது."

"தெரியாம எப்படி எழுதினீங்க?"

"தோட்டம்னு ஒண்ணு இருந்தா யாராச்சும் ஒருத்தி இருக்கணும்ல?"

"அந்த மேட்டுல சாஞ்சது யாரு வண்டி?"

"அதுவும் தெரியாது. அதெல்லாம் நீதானே சொல்லணும்? கதை சொல்றவ நீ. நான் ஸ்டாப்பு மட்டுந்தான் வெச்சிருக்கேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பட்டப்பகலில் அழுதால் புருஷன் அடித்துவிட்டான் என்று கூட்டம் கூடிவிடும் என்பதால் அடக்கிக்கொண்டேன். "மேடு பள்ளமெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"எட்டு வருசமா நின்னுக்கிட்டே போறேன் கலை. ரோடு எங்க ஏறுது எங்க எறங்குதுன்னு காலுக்குத் தெரியும். உன் படத்துல வெரலை வெச்சு ஓட்டிப் பாத்தேன். எங்க ஏறினா நல்லாருக்கும்னு தோணுச்சோ அங்க மேடுன்னு எழுதினேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "ரொம்ப அழிச்சுட்டியா?"

"ஒத்தப்பனை மட்டும்."

"ஒரு பனைதானே. வெச்சா வளந்துட்டுப் போவுது."

பேனட் பக்கத்திலிருந்து ராசாங்கண்ணன் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, மோர்க்காரி வூடு நான் வெச்சது. அதை அழிச்சுடாத" என்றார். டிரைவர்களுக்கு வழியில் மோர் கிடைக்கவில்லையென்றால் அது ஊரே இல்லை.

"ரெண்டு மணிக்கு ஆபீசுக்கு வாங்க" என்று அறிவரசனிடம் சொன்னேன். "உங்களுக்கும் ஒரு வேஷம் இருக்குது." அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மதியத்து ட்ரிப்பை இன்னொரு கண்டக்டரின் தலையில் கட்டிவிட்டு, ஒன்றே முக்காலுக்கே வந்து நின்றார்.

அன்றைய ஆட்டத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கோட்டைக் கதவை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தேன். அசுரராஜனின் படை நானூறு படகுகளில் மேற்குக் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வருகிறது. கிழக்கே போக வேண்டுமென்றால் தண்ணி இல்லாத மேட்டில் படகுகளைக் கரையேற்றி, தரையில் இழுத்துப் போய், அந்தப் பக்கத்து ஆற்றில் விட வேண்டும். இழுத்துப் போகிற வழியில்தான் வீரம்மா தோட்டம்.

ஆறு மாதத்துக்கு முன், ஸெலஃபெய்ன் என்ற ஒரு லட்சம் பேர் வாழும் தலைநகரத்தையே நான் எரித்தேன். ஜெயசித்ரா முறுக்கைக் கடித்துக்கொண்டு, "சரி, அடுத்து?" என்றாள். இப்போது வீரம்மா தோட்டம் என்று சொன்னதும் முறுக்கு அப்படியே வாயில் நின்றது. "அய்யய்யோ, அந்தம்மா தனியா இருக்குமேடி!"

வீரம்மா கிளம்ப மாட்டேன் என்றாள். அதாவது, நான்தான் வீரம்மாளாக இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மொளகா காயப் போட்டிருக்கேன். ஈரத்தோட மூட்டை கட்டினா பூசணம் புடிச்சுடும். அசுரன் வந்தா வந்துட்டுப் போறான்" என்றேன்.

"மொளகா போனா போவுது, உசுரு முக்கியம், வாங்கம்மா!" என்று ஜெயசித்ரா என் கையைப் பிடித்து இழுத்தாள். நிஜமாகவே இழுத்தாள். என் வளையல் ஒன்று உடைந்தது. திருமுருகன் முதல் தடவையாகக் குதிரையிலிருந்து இறங்கி மிளகாய் அள்ளினான்.

அறிவரசனுக்கு வண்டிக்காரன் வேஷம். அவருக்கு உட்கார்ந்து விளையாட வரவில்லை. எழுந்து நின்று, மேசை விளிம்பைக் கம்பி மாதிரி பிடித்துக்கொண்டு, "கைக்கொழந்தைக்காரங்க முன்னாடி வாங்க! மூட்டையை மேல போடு! எருமை ஏறாது, அது நடந்து வரட்டும்!" என்று சுற்றுப்பட்டு ஊர்களை எல்லாம் ஒரே வண்டியில் ஏற்றினார். ஆத்துக்கு இந்தாண்டக்காரர்களையும் அந்தாண்டக்காரர்களையும் எதிரெதிரே உட்கார வைத்தார். கூட்டம் தாங்காது என்றேன். "தாங்கும். உள்ள போங்க உள்ள போங்க" என்றார்.

மேடு ஏற வேண்டும். பதினைந்துக்குக் குறையாமல் வர வேண்டும். டிபன் பாக்ஸைக் குலுக்கிக் கையை விட்டார். வந்தது நாலு.

"வண்டி சாஞ்சுடுச்சு" என்றேன்.

திருமுருகன் படத்தைப் பார்த்தான். "எந்த எடத்துல?"

நான் விரலை வைத்தேன். 'வண்டி சாஞ்ச மேடு.'

சிரிப்பு அப்படியே வெடித்தது. ஜெயசித்ராவுக்குப் புரையேறி நான்தான் தலையில் தட்டினேன். அறிவரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு முன்னாடியே ஒருத்தன் சாச்சிருக்கான்ல? இப்ப ரெண்டாவுது" என்றார். நான் என் டிராயிங் பேனாவை எடுத்து, அவருடைய கோணல் நீல எழுத்துக்கு முன்னால், என் நேரான கறுப்பு எழுத்தில், 'ரெண்டு' என்று சேர்த்து எழுதினேன். ரெண்டு வண்டி சாஞ்ச மேடு.

ஆனால் யாருக்கும் அடியில்லை. சாய்ந்த வண்டி, படகுகளை இழுத்துப் போக இருந்த ஒரே வழியைக் குறுக்கே அடைத்துக்கொண்டது. நானூறு படகுகளை இழுத்துவந்த அசுரப்படை அதைத் தாண்ட முடியாமல் தண்ணி இல்லாத மேட்டில் மாட்டிக்கொண்டது. திருமுருகன் அள்ளிவந்த மிளகாய்க்கு ஜெயசித்ரா நெருப்பு வைத்து, மந்திரத்தால் காற்றைத் திருப்பிவிட்டாள். பத்தொன்பது வந்தது. அசுரராஜன் இருமிக்கொண்டே கடலுக்கு ஓடினான். ஐந்தரை மணிக்கு முடிய வேண்டிய ஆட்டம் ஆறே காலுக்கு முடிந்தது. நாலு பேருக்கும் தொண்டை கட்டியிருந்தது.

திங்கள்கிழமை காலை வழக்கம்போல எட்டு மணி வண்டி. நல்ல கூட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், டவுன் வேலைக்குப் போகிறவர்கள், நடுவில் ஒரு பெரியவர் வெங்காய மூட்டையோடு. நான் கடைசிச் சீட்டில். அறிவரசன் முன்னால் படியோரம் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டே ஸ்டாப் பெயர்களைக் கூவிக்கொண்டு வந்தார். ஒரு ஏற்றம் முடிந்தது. விசில் அடித்தார்.

"மூணு கல்லு! மூணு கல்லு எறங்கறவங்க எல்லாம் வாங்க!"

ராசாங்கண்ணன் பிரேக் போட்டார். வண்டி நின்றது. இரண்டு பக்கமும் மக்காச்சோளம், ஓர் ஆள் இல்லை. யாரும் எழுந்திருக்கவில்லை.

"மூணு கல்லா?" என்றார் வெங்காய மூட்டைக்காரர். "நாப்பது வருசமா இந்த ரோட்டுல போறேன், அது எங்கப்பா இருக்குது?"

பஸ் முழுக்கச் சிரித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், "மூணு கல்லு, மூணு கல்லு" என்று பாட்டே கட்டிவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் பயந்த சிரிப்பு இதுதான். இப்போது அது அவர்மேல் விழுகிறது, அவர் என்னைப் பார்த்து நொந்துகொள்ளப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் டிக்கெட் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு மேலே தலையைத் தூக்கி என்னைத் தேடினார். கண்டுபிடித்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அது எம் பொண்டாட்டி ஊருங்க" என்று பெரியவரிடம் சொன்னார். "ரெண்டு நாளா அங்கதான் இருந்தேன். பழக்கத்துல வாயில வந்துடுச்சு."

"மாமியா ஊரா? அப்ப நிறுத்தித்தான் ஆவணும்" என்றார் பெரியவர். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். எனக்கு வலிக்கவே இல்லை. எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். ராசாங்கண்ணன் வண்டியை எடுக்காமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். கண்டக்டருக்குச் சிரிப்பில் விசில் ஊத முடியவில்லை. நான் எழுந்து நின்று, கடைசிச் சீட்டிலிருந்து, "போலாம் ரைட்!" என்று கத்தினேன். வண்டி அரியலூருக்குக் கிளம்பியது.